உயிருக்குப் புதுக் குத்தகை

செத்துப் பிழைத்தவனை மறுபிறவி எடுத்தவன் என்று சொல்லும் ஊர்கள் உண்டு. இங்கிலாந்தில் டெவன் பக்கத்து மெரிகம்மில் அப்படிச் சொல்வதில்லை. "உயிருக்குப் புதுக் குத்தகை வாங்கிட்டான்ப்பா!" என்பார்கள். மனிதனுக்கு மட்டுமல்ல. இரும்பு வளையம் மாற்றிய பழைய பீப்பாய்க்கும் புதுக் குத்தகைதான். மூன்று வருடம் காய்க்காமல் நின்று, வெட்டலாமா என்று யோசிக்கும்போது பூத்துத் தள்ளிய ஆப்பிள் மரத்துக்கும் அதே பேச்சு. அறுபது வயதில் விதவையான மாவு ஆலைக்காரி அடுத்த சந்தையில் சிவப்பு ரிப்பன் கட்டி ஆடியபோது, ஊர் முழுக்க ஒரே குரலில் அதையே சொன்னது.

ஆனால் கண்ட இடத்தில் சொல்லிவிட முடியாது. பிறந்த குழந்தைக்குச் சொல்ல மாட்டார்கள். திடமாக நடமாடுகிறவனுக்கும் சொல்ல மாட்டார்கள். இனித் தேறாது என்று எல்லோரும் கைகழுவி விட்ட ஒன்று, யாரும் எதிர்பாராத நேரத்தில் துளிர்க்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் சொல்.

தாமசின் யோவுக்கு இந்தச் சொல்லில் ஒரு சந்தேகம் இருந்தது. அவள் ஊருக்கு ரொட்டி சுடுகிறவள், நாற்பத்தைந்து வயது. எதையும் திருப்பிப் பார்க்காமல் விட மாட்டாள். அடுப்பின் இடது மூலையில் வைக்கும் ரொட்டி மட்டும் ஏன் வெடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழுக் குளிர்காலம் செலவழித்தவள். குத்தகை என்றால் கொடுக்கிறவர் ஒருவர் வேண்டும், வாங்குகிறவர் ஒருவர் வேண்டும், எத்தனை காலம் என்றும் இருக்க வேண்டும். உயிருக்குக் குத்தகை என்றால் கொடுக்கிறவர் யார்? கடவுள் என்று வைத்துக்கொண்டாலும், காலம் எவ்வளவு என்று ஏன் யாரும் கேட்டு வாங்குவதில்லை?

"ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா, அதைப் போய்க் குடையாதே" என்பார்கள்.

அவளால் குடையாமல் இருக்க முடியாது. காரணம், அவளுடைய வீடே உயிரின் மேல் நிற்கும் வீடு. இது பேச்சுக்குச் சொல்வதல்ல, பத்திரத்தில் எழுதியிருப்பது.

மெரிகம்மில் பாதி வீடுகள் அப்படித்தான். நிலம் பிரபுவுக்குச் சொந்தம். வீட்டைக் குத்தகைக்கு எடுக்கிறவர் இத்தனை வருடம் என்று எழுதுவதில்லை. மூன்று பேருடைய பெயரை எழுதுவார். அந்த மூவரில் ஒருவராவது மூச்சு விடும் வரை வீடு அவர் குடும்பத்துக்கு. மூன்றாவது ஆளும் கண்ணை மூடினால், அன்றைக்கே வீடு பிரபுவிடம் திரும்பிவிடும். பெயர் எழுதப்படுகிறவர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பதில்லை, உறவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உயிரோடு இருந்தால் போதும். அதனால் பத்திரத்தில் அவர்களுக்குப் பெயரே 'உயிர்' என்பதுதான். முதல் உயிர், இரண்டாம் உயிர், மூன்றாம் உயிர். முன்பெல்லாம் ஓர் உயிர் போனால் பிரபுவிடம் சென்று புதிதாக ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்ளலாம். இப்போதைய பிரபு பட்டத்துக்கு வந்ததும் அதை நிறுத்திவிட்டார். இருக்கும் உயிர்கள் ஒவ்வொன்றாகப் போகட்டும், வீடுகள் தானாகக் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தார்.

தாமசினின் மாமனார் ஆபேல் யோ, அவள் பிறப்பதற்கு முன்பே அந்தக் குத்தகையை எடுத்தவர். முதல் உயிர் அவர். இரண்டாவது, அப்போது இரண்டு வயதான மகன் ஜோயல். பிற்பாடு தாமசினின் கணவன். மூன்றாவதற்கு வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், கூரை வேய்கிற வில்லியம் லஸ்கமுக்கு அப்போதுதான் ஒரு பையன் பிறந்திருந்தான், பாஸ்கோ. அவன் அழுதால் மாவு ஆலை வரை கேட்குமாம். "அந்தத் தொண்டை அறுபது வருஷம் தாங்கும்" என்று சொல்லி, ஐந்து வாரக் கைக்குழந்தையின் பெயரை ஆபேல் எழுத வைத்தார். பச்சைப் பிள்ளையை நம்பி வீடு எடுத்த முட்டாள் என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆபேலும் போய், இரண்டு வருடத்துக்கு முன் ஜோயலும் போய், இப்போது பாஸ்கோ ஒருவன்தான் பாக்கி.

அவனும் அப்பன் தொழிலையே பிடித்துக்கொண்டான். அதாவது, தாமசினின் வீடு தினமும் காலையில் ஒரு கட்டுக் கோதுமைத் தாளைத் தோளில் போட்டுக்கொண்டு இருபதடி ஏணியில் ஏறியது.

"யோவ் பாஸ்கோ! அந்தப் படி ஆடுதுய்யா!"

"எந்தப் படி?"

"நீ நிக்கிற படிதான்!"

"உன் வீட்டு உத்தரமே நான்தான்னு எனக்குத் தெரியும் தாயி. உத்தரம் ஆடாது, நீ போய் ரொட்டியைப் பாரு. கருகுற வாசனை வருது."

அவன் குத்தகைக்குப் பெயர் கொடுத்ததற்காக எதையும் கேட்டதில்லை. சனிக்கிழமை ரொட்டியில் அடிப்பக்கம் மொறுமொறுப்பாக இருப்பது தனக்கு வேண்டும் என்று மட்டும் சொல்வான். "உன் வீட்டைத் தூக்கிக்கிட்டு வாரம் முழுக்கத் திரியறேன். அடிரொட்டி கூடவா கிடையாது?"

ஆயிரத்து எண்ணூற்று இரண்டாம் வருடம் மார்ச் மாதம், மழையில் நனைந்தபடி ஒரு களஞ்சியத்துக்குக் கூரை போட்டுவிட்டு வந்து பாஸ்கோ படுத்தான். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் அனலாய் அடித்தது. மனைவி இறந்து வருடங்களாகிவிட்டன; பிள்ளைகள் இல்லை. தாமசின் இரண்டு ஆட்களைப் பிடித்து அவனைக் கட்டிலோடு தூக்கிவரச் செய்து, தன் வீட்டில் ரொட்டி அடுப்பின் பின்சுவரை ஒட்டிப் போட்டாள். அந்தச் சுவர் நாள் முழுக்க இளஞ்சூடாக இருக்கும். மாவு பொங்குவதற்கு அவள் தொட்டியை வைக்கும் இடம் அது.

"மாவை எடுத்துட்டு மனுஷனை வெச்சிருக்கா. பொங்குறானான்னு பார்ப்போம்" என்றார்கள் ரொட்டி வாங்க வந்தவர்கள். ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "உன் வீடு ரொம்ப மூச்சு வாங்குதே தாமசின்" என்றாள். தாமசின் அவளுக்கு நேற்றைய ரொட்டியைக் கொடுத்து அனுப்பினாள்.

பத்தாம் நாள் பாதிரியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் காலை, அடுப்பிலிருந்து முதல் ரொட்டிகளை இழுக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடி மொறுமொறுப்பா வந்திருக்கா?"

அந்த வாரம் முழுக்க மெரிகம்மில் ஒரே வாக்கியம்தான். பாஸ்கோ புதுக் குத்தகை வாங்கிட்டான். கேட்கக் கேட்கத் தாமசினுக்குச் சிரிப்பு. உண்மையில் பழைய குத்தகையைத் தூக்கி நிறுத்தியவன் அவன். அவனுக்கு யார் குத்தகை கொடுத்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் அளவுக்குத் தேறியதும் பாஸ்கோ கேட்டான். "நெசமாச் சொல்லு. நான் பிழைக்கணும்னு வேண்டிக்கிட்டியா, வீடு நிக்கணும்னு வேண்டிக்கிட்டியா?"

"ரெண்டும் ஒரே ஜெபம்தானேய்யா. ரெண்டு தடவை சொல்ல எனக்கு எங்கே நேரம்?"

அவன் சிரிக்கப்போய் இருமினான். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தன் பதில் உண்மையா என்று அவளுக்கே ஒரு யோசனை ஓடியது. பிரித்துப் பார்க்க முடியவில்லை. மாவில் கலந்த உப்பு போல இருந்தது அது.

ஏப்ரல் முதல் வாரத்தில் கில்கிறிஸ்ட் வந்தார். பிரபுவின் புதுக் காரியஸ்தர். ஸ்காட்லாந்துக்காரர், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மெலிந்த, சுத்தமான ஆள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு எழுதி, எல்லாவற்றையும் நூலால் கட்டித் தோல்பையில் வைத்திருந்தார். ஒழுங்கில்லாத ஒரு பண்ணையை ஒழுங்குக்குக் கொண்டுவர வந்தவர். கெட்ட எண்ணம் கிடையாது, பொறுமையும் கிடையாது.

"மிஸஸ் யோ, உக்காருங்க" என்றார், அவளுடைய வீட்டிலேயே. "உங்க குத்தகை விஷயமா ஒண்ணு சொல்லணும். மூணாவது உயிர் பாஸ்கோ லஸ்கம், சரிதானே?"

"அதோ கஞ்சி குடிச்சிட்டு இருக்கானே, அவன்தான் ஐயா."

"இல்ல. அதுதான் சிக்கல்." அவர் சீட்டை எடுத்தார். "கோயில் பதிவேட்டுல இருந்து எழுத்தர் எடுத்துக் குடுத்தது. 'பாஸ்கோ, வில்லியம் லஸ்கம் மகன், ஞானஸ்நானம், பிப்ரவரி 9, 1748.' உங்க குத்தகை தேதி மார்ச் 14, 1748. அதுல 'ஐந்து வாரக் குழந்தை'ன்னு எழுதியிருக்கு. அப்படியே பொருந்துதா?"

"பொருந்துது."

"இப்ப அடக்கப் பதிவேடு. 'பாஸ்கோ, வில்லியம் லஸ்கம் மகன், அடக்கம், அக்டோபர் 17, 1748.'" சீட்டைக் கீழே வைத்தார். "அந்தக் குழந்தை எட்டு மாசத்துல இறந்துபோச்சு. அதுக்கப்புறம் பிறந்த தம்பிக்கு அதே பேரை வெச்சிருக்காங்க. இங்கெல்லாம் அது வழக்கம்தானே? இவர் அந்தத் தம்பி. குத்தகையில இருக்கிற உயிர் இவர் இல்ல. அப்படின்னா உங்க கணவர் இறந்த அன்னைக்கே குத்தகை முடிஞ்சுபோச்சு. ஜூன் மாசக் கடைசிக்குள்ள வீட்டை ஒப்படைக்கணும். வருத்தமாத்தான் இருக்கு."

கஞ்சிக் கிண்ணத்தில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

"அதாவது, நான் செத்து அம்பத்தி நாலு வருஷம் ஆச்சா?" என்றான் பாஸ்கோ.

"நீங்க இல்ல, உங்க அண்ணன்."

"எனக்கு அண்ணன் இருந்தானா?"

கில்கிறிஸ்ட் முகம் சிறிது மாறியது. அந்தக் கேள்விக்கு அவர் சீட்டு எழுதி வைத்திருக்கவில்லை. "எனக்குப் பதிவேடு சொல்றதுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் போனார். தாமசின் சுவரைப் பார்த்தாள். ஒன்றரை முழ மண்சுவர். அதற்குள் புதைந்திருக்கும் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. வேறு வீட்டில் அப்படி ஒன்று கட்டப் பிரபு அனுமதிக்கப் போவதில்லை. வீடு போனால் தொழிலும் போகும்.

"அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றான் பாஸ்கோ.

தாமசின் திரும்பினாள். "ஒரு நிமிஷம் இருய்யா. உன் ஞானஸ்நானம் எங்கே?"

"என்ன?"

"நீ தம்பின்னா, உனக்கும் ஒரு ஞானஸ்நானம் பதிஞ்சிருக்கணுமே. அவர் சீட்டுல ஒரு பாஸ்கோதானே இருந்தான். உங்கம்மா ஞாயித்துக்கிழமை கோயிலுக்குத் தவறாதவ. ஒரு பிள்ளைக்குச் செஞ்சு இன்னொண்ணுக்குச் செய்யாம விட்டிருப்பாளா?"

மறுநாள் காலை ரொட்டியெல்லாம் விற்று முடிந்ததும் இருவரும் கோயிலுக்குப் போனார்கள். பாஸ்கோ கோலூன்றி, பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தான். பாதிரியார் செரிட்டனுக்கு நாற்பது வயதிருக்கும். தேனீ வளர்ப்பில் தீராத ஆசை உள்ளவர். கூட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வந்து, இரும்புப் பட்டை அடித்த பெட்டியைத் திறந்து பழைய பதிவேட்டை மேசையில் வைத்தார். முன்பக்கத்திலிருந்து ஞானஸ்நானங்கள். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து அடக்கங்கள். காகிதத்தை மிச்சம் பிடிக்க யாரோ அப்படி ஆரம்பித்திருந்தார்கள்.

"எந்த வருஷத்துல இருந்து பார்க்கணும்?" என்றார்.

"1748க்கு அப்புறம் ஐயா. இன்னொரு பாஸ்கோ."

பாதிரியார் விரலை வைத்து நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று என்று வாசித்துக்கொண்டே போனார். பாஸ்கோ இல்லை. லஸ்கம் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளின் பெயர் மட்டும் வந்தது. பாஸ்கோ பெருமூச்சு விட்டான். "எனக்கு ஞானஸ்நானமே நடக்கல போல. செத்தாலும் கோயில்ல இடம் குடுக்க மாட்டீங்க."

"அப்ப முன்னால பாருங்க" என்றாள் தாமசின்.

"முன்னாலன்னா?"

"1748க்கு முன்னால. பின்னால இல்லேன்னா முன்னாலதானே இருக்கணும்?"

பாதிரியார் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளினார். நாற்பத்தேழு. நாற்பத்தாறு. விரல் நின்றது. "'பாஸ்கோ, வில்லியம் லஸ்கம் மகன், மே 25, 1746.'"

மூவரும் அந்த வரியைப் பார்த்தார்கள். இப்போது இரண்டு பாஸ்கோ கிடைத்துவிட்டார்கள், ஆனால் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. ஒருவன் 1746 மே. இன்னொருவன் 1748 பிப்ரவரி. அடக்கம் ஒன்றே ஒன்று, 1748 அக்டோபர்.

"அப்ப 1748 பிப்ரவரியிலேர்ந்து அக்டோபர் வரைக்கும் எங்க வீட்டுல ரெண்டு பாஸ்கோவா?" என்றான் பாஸ்கோ. "சாப்பிட வாடான்னு கூப்பிட்டா எவன் வருவான்?"

பாதிரியார் சிரித்தார். தாமசின் சிரிக்கவில்லை. அவன் சொன்னதில் ஏதோ இருந்தது. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பார்கள். பெயர் வீணாகக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவள் தெருவிலேயே மூன்று வீடுகளில் அப்படி உண்டு. ஆனால் உயிரோடிருக்கும் பிள்ளையின் பெயரை இன்னொரு பிள்ளைக்கு எந்தத் தாயும் வைக்க மாட்டாள். முதல் பெயர் காலியாக வேண்டும், அதற்கப்புறம்தான் இரண்டாவது. ஆகவே அடக்கம் முன்னால் நடந்திருக்க வேண்டும், ஞானஸ்நானம் பின்னால்.

"ஐயா, அக்டோபர் முடிஞ்ச பிறகுதான் பிப்ரவரி வந்திருக்கணும்" என்றாள்.

"வழக்கமா அப்படித்தாம்மா வரும். ஆனா அது அடுத்த வருஷ பிப்ரவரி. இது அதே வருஷம் போட்டிருக்கே."

"எழுதினவர் தப்பா எழுதியிருப்பாரோ?"

"ஞானஸ்நானப் பதிவேட்டுல வருஷத்தைத் தப்பா எழுத மாட்டாங்க."

"இன்னொரு தடவை காட்டுங்க ஐயா. அந்த பிப்ரவரியை."

அவளுக்குக் கையெழுத்தைச் சரளமாகப் படிக்க வராது. ஆனால் மாதப் பெயர்களும் எண்களும் தெரியும். பாதிரியார் பக்கத்தைத் திருப்பி விரலால் காட்டினார். அவள் அந்த வரியைப் படிக்கவில்லை. அதற்கு மேல் வரியைப் பார்த்தாள். அதற்கும் மேல் வரியை. பிறகு கீழே இறங்கினாள். பக்கத்தின் இடது ஓரத்தில் தேதிகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. உதடுகள் அசைய, அவற்றை ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்தாள். மறுபடி படித்தாள்.

நவம்பர் 1748. டிசம்பர் 1748. டிசம்பர் 1748. ஜனவரி 1748. பிப்ரவரி 1748. மார்ச் 1748. ஏப்ரல் 1749.

"ஐயா," என்றாள், "டிசம்பருக்குக் கீழே ஜனவரி இருக்கு. ஆனா வருஷம் மாறல. மாறாம அப்படியே மூணு மாசம் போகுது. ஏப்ரல்லதான் நாப்பத்தொன்பது வருது."

"எங்கே?" பாதிரியார் குனிந்தார். "ஒருவேளை பக்கத்தைத் தைக்கும்போது..."

"ஒரே பக்கம் ஐயா. ஒரே மை."

அவர் முந்தைய பக்கத்தைப் பார்த்தார். அங்கேயும் அப்படியே. டிசம்பர் 1747க்குப் பிறகு ஜனவரி 1747. அதற்கு முந்தையதும் அதே. ஒவ்வொரு வருடமும் மார்ச்சின் கடைசி வாரத்தில்தான் எண் மாறியது. செரிட்டன் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"மாதா நாள்! கர்த்தரே, மாதா நாள்! பள்ளிக்கூடத்துல படிச்சு மறந்தே போச்சு. அந்தக் காலத்துல புது வருஷம் ஜனவரி ஒண்ணாந்தேதி பிறக்காதும்மா. மார்ச் இருபத்தஞ்சு, மாதா நாளன்னைக்குத்தான் பிறக்கும். அம்பத்தி ரெண்டுல சட்டம் போட்டு மாத்தினாங்க. அதுக்கு முன்னால ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணும் பழைய வருஷத்தோட வால். அக்டோபர் 1748 முதல்ல வரும். பிப்ரவரி 1748 அதுக்கப்புறம் நாலு மாசம் கழிச்சு வரும்!"

"குத்தகை மார்ச் பதினாலு" என்றாள் தாமசின் மெதுவாக.

"அதுவும் வால்தான். மாதா நாளுக்குப் பதினோரு நாள் முன்னால. அந்தத் தேதியில முதல் பையன் செத்து அஞ்சு மாசம் ஆகியிருக்கும்."

தாமசின் பெஞ்சில் உட்கார்ந்தாள். மேசையில் பரவியிருந்த மூன்று வரிகளும் இப்போது வேறு வரிசையில் நின்றன. ஒரு குழந்தை பிறக்கிறது, இரண்டரை வயதில் போகிறது. அப்போது தாய் வயிற்றில் அடுத்தது. நாலு மாதத்தில் அதுவும் பிறந்து, தொண்டை கிழிய அழுகிறது. ஐந்தாவது வாரம், பக்கத்து வீட்டுக்காரர் அதன் பெயரைக் கேட்டு வருகிறார். எழுத்தில் ஒன்றும் மாறவில்லை. அது ஓடும் திசைதான் மாறியது.

பாஸ்கோ அடக்கப் பதிவேட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, பாதிரியார் காட்டிய, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த ஒரு வரியையே பார்த்தபடி இருந்தான். பிறகு சொன்னான்:

"எனக்குப் புதுக் குத்தகைன்னு ஊரே சொல்லுது. உண்மையில நான்தான் புதுக் குத்தகை. இந்தப் பேருக்கு."

அவன் அந்த வரியை விரலால் தடவினான்.

"ரெண்டரை வயசுன்னா பேசியிருப்பான், இல்ல?" என்று கேட்டான்.

"நல்லாவே பேசியிருப்பான்" என்றாள் தாமசின்.

கில்கிறிஸ்டுக்கு ஆள் போயிற்று. ஒரு மணி நேரத்தில் தோல்பையோடு வந்து சேர்ந்தார். பாதிரியார் உற்சாகமாக ஆரம்பித்ததை அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மிஸஸ் யோ சொல்லட்டும். கண்டுபிடிச்சது அவங்கன்னு உங்க ஆள் சொன்னான்."

தாமசின் எழுந்து, தேதிகளின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழாக இறக்கினாள். ஒரு வார்த்தையும் கூடுதலாகச் சொல்லவில்லை. கில்கிறிஸ்ட் இரண்டு முறை பார்த்தார்.

"எங்க நாட்டுல ஜனவரி ஒண்ணுதான் வருஷப் பிறப்பு" என்றார். "எங்க தாத்தாவோட தாத்தா காலத்துலேர்ந்தே. இங்கே நேத்து வரைக்கும் மார்ச்சா?"

"நேத்து இல்ல, அம்பது வருஷம்" என்றார் பாதிரியார்.

"பதிவேடு சரி. அது கோயில் எழுதினது. குத்தகை எழுதினது வக்கீல். அவரும் இதே மாதிரிதான் எழுதினார்னு எப்படிச் சொல்றீங்க?"

நல்ல கேள்வி என்று தாமசினுக்கே தோன்றியது. "பத்திரத்துல வேற ஏதாவது எழுதியிருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். "தேதியைத் தவிர?"

கில்கிறிஸ்ட் பையிலிருந்து மஞ்சளேறிய தோல் பத்திரத்தை எடுத்து விரித்தார். முதல் வரியை வாய்விட்டுப் படித்தார். "'இரண்டாம் ஜார்ஜ் மன்னர் ஆட்சியின் இருபத்திரண்டாம் ஆண்டு, மார்ச் மாதம் பதினான்காம் நாள், ஆண்டவர் ஆண்டு 1748...'" நிறுத்தினார். மறுபடி அந்த முதல் பாதியைப் பார்த்தார்.

"ராஜா எப்பப் பட்டத்துக்கு வந்தார்?" என்று பாதிரியாரைக் கேட்டார்.

"ஜூன், 1727."

கில்கிறிஸ்ட் பென்சிலை எடுத்துச் சீட்டின் ஓரத்தில் எழுதினார். ஜூன் முதல் அடுத்த ஜூன் வரை ஆட்சியின் முதல் ஆண்டு. இருபத்தொன்றாவது 1748 ஜூன் வரை. இருபத்திரண்டாவது அங்கிருந்து 1749 ஜூன் வரை. அந்த இரண்டு ஜூன்களுக்கும் நடுவில் ஒரே ஒரு மார்ச்தான் வரும். ராஜாவின் ஆட்சி ஆண்டு மாதா நாளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவர் பட்டமேறிய நாளிலிருந்து நேராக ஓடுகிறது.

"நாப்பத்தொன்பதுதான்" என்றார். எந்தக் கசப்பும் இல்லாத குரல். புதிரின் கடைசித் துண்டு பொருந்தியவனின் குரலாக இருந்தது அது. சீட்டில் 'முடிந்தது' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பாஸ்கோவை ஏற இறங்கப் பார்த்தார். "ஐம்பத்திமூணு வயசு. உயிரோட இருக்கார்." எழுதினார். "வீடு உங்களோடது மிஸஸ் யோ. இவர் இருக்கிற வரைக்கும்."

"எழுதினதை ஒருதரம் படிங்க ஐயா" என்றான் பாஸ்கோ. "உயிரோட இருக்கேன்னு காகிதத்துல கேட்டா நல்லா இருக்கும்."

அவர் படித்தார். தாமசின் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மாவு ஒட்டிக்கொண்டது.

கில்கிறிஸ்ட் போவதற்கு எழுந்தார், ஆனால் போகவில்லை. தோல்பையின் வாயைப் பிடித்தபடி நின்றார். பிறகு நூலால் கட்டிய இன்னொரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதே மாதிரி இன்னும் ஒன்பது வீட்டுக்கு முடிஞ்சுதுன்னு எழுதி வெச்சிருக்கேன்" என்றார். "இன்னும் யார்கிட்டயும் சொல்லல. எல்லாம் அம்பத்தி ரெண்டுக்கு முந்தின குத்தகை. சிலது உங்க பக்கம் திரும்பலாம். சிலது பிரபு பக்கமே நிக்கலாம். அதை நான் மறைக்க மாட்டேன்."

"மறைக்க வேண்டாம். எது எப்படி இருக்கோ அப்படித்தான் பார்க்கணும்" என்றாள் தாமசின். பெஞ்சை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பாதிரியார் ஐயா, அடக்கப் பக்கத்தை நீங்க பிடிங்க. பாஸ்கோ, கோலைத் தள்ளி வையி, வெளிச்சம் மறைக்குது. படிங்க மிஸ்டர் கில்கிறிஸ்ட். முதல்ல மாசத்தைச் சொல்லுங்க, வருஷம் அப்புறம்."

அவர் நூலை அவிழ்த்தார்.

"பிப்ரவரி" என்றார்.